கல்லீரலில் ஒன்று, மூளையில் ஒன்று

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் என் கணவருக்கு மலேரியா வந்தது. வைவாக்ஸ் வகை என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிட்டது. கூடவே பதினான்கு நாள் போடச்சொல்லி இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு நாள் போட்டார். "காய்ச்சல்தான் போய்விட்டதே, வயிற்றைப் பிரட்டுகிறது, இது எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். மீதி எட்டு மாத்திரை இன்னும் பட்டையோடு அலமாரியில் கிடக்கிறது. போன வாரம் மறுபடி அதே குளிர், அதே நடுக்கம், மறுபடி வைவாக்ஸ். இடையில் மலேரியா இருக்கும் பக்கமே நாங்கள் போகவில்லை. டாக்டர், "கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்தது எழுந்துவிட்டது" என்கிறார். ஒரு கிருமி எட்டு மாதம் தூங்குமா? எப்போது தூங்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? மீதி எட்டு மாத்திரையை இப்போது போட்டால் போதுமா?

இன்னொன்று. நான் நான்கு மாத கர்ப்பிணி. பத்தாவது வாரத்தில் எடுத்த பரிசோதனையில் டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தது. இதுவும் மூளையில் தூங்கும் ஒட்டுண்ணி என்று படித்தேன். அவர் கல்லீரலில் ஒன்று, என் மூளையில் ஒன்று. இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. குழந்தைக்கு ஆபத்தா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் நீங்கள் தூங்குங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கணவருடைய விஷயத்தில்தான் வேலை இருக்கிறது. அவர் கல்லீரலில் இருப்பதைத் தூக்கத்திலேயே கொன்றாக வேண்டும். உங்களிடம் இருப்பதை அது தூங்கும் இடத்திலேயே விட்டுவிடலாம். இரண்டையும் தூக்கம் என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. இரண்டும் ஒரே தூக்கம் அல்ல.

உங்கள் கணவரிடமிருந்து தொடங்குகிறேன். மலேரியா திரும்பி வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. புதிதாக ஒரு கொசு கடித்திருக்கலாம். ரத்தத்தில் இருந்த கிருமி மருந்துக்கு முழுதாகச் சாகாமல் கொஞ்சம் எஞ்சி மறுபடி பெருகியிருக்கலாம்; இது பெரும்பாலும் சில வாரங்களுக்குள் நடந்துவிடும். மூன்றாவது, கல்லீரலில் கிடந்த விதை முளைத்திருக்கலாம். மலேரியா உள்ள இடத்துக்குப் போகவில்லை, எட்டு மாத இடைவெளி, அதே வைவாக்ஸ், பாதியில் விட்ட மாத்திரை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் சொன்னதே சரி.

இந்த மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் துப்பு வந்த இடமே விசித்திரமானது. 1917-இல் வியன்னாவில் வாக்னர் யாரெக் என்ற மருத்துவர், மூளைக்கு ஏறிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு மலேரியா நோயாளியின் ரத்தத்தை ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்தார். அந்தச் சூட்டில் சிஃபிலிஸ் கிருமி அடங்கும் என்பது கணக்கு. பென்சிலின் இல்லாத காலம். 1927-இல் இதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் குயினின் கொடுத்து மலேரியாவை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் அது திரும்ப வருவதில்லை. ஆனால் ரத்தம் ஏற்றாமல், கொசுவைக் கடிக்கவிட்டு மலேரியா வரவழைத்த நோயாளிகளுக்கு, அதே குயினின் கொடுத்தும் சில மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பியது. கிருமி அதே, மருந்தும் அதே. உள்ளே நுழைந்த வாசல் மட்டும் வேறு. அப்படியானால் கொசு வழியாக வரும்போது கிருமி ரத்தத்துக்குப் போகும் முன் வேறு எங்கோ தங்குகிறது.

அந்த இடம் கல்லீரல் என்று 1948-இல் ஷார்ட், கார்ன்ஹாம் என்ற இருவர் காட்டினார்கள். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல், கிருமி கல்லீரலில் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தாவித் தாவிப் பெருகிக்கொண்டே இருக்கிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். பெருகாமல் சும்மாவே கிடக்கும் என்று யாருக்கும் சுலபத்தில் தோன்றவில்லை. 1980-இல் கிராடாஸ்கியும் கார்ன்ஹாமும் சகாக்களும், குரங்கின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தபோதுதான் ஆள் அகப்பட்டது. ஒரு கல்லீரல் செல்லுக்குள் ஒற்றைக் கருவோடு ஒரு சின்ன உருண்டை. அகலம் நான்கைந்து மைக்ரான். சிவப்பணுவை விடச் சிறியது. வளர்வதும் இல்லை, பிரிவதும் இல்லை. இதற்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் தூக்கம்.

இப்போது உங்கள் கணவரின் உடம்பில் நடந்ததைப் பாருங்கள். அன்று கடித்த கொசு ஒரு சில கிருமிகளைத் தோலில் விட்டிருக்கும். அவை ரத்தத்தில் ஏறிச் சிறிது நேரத்தில் கல்லீரலை அடைந்திருக்கும். அங்கே போனதும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்சி உடனே வேலையை ஆரம்பித்தது. ஒரு செல்லுக்குள் ஒரு கிருமி ஒரு வார காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு ரத்தத்தில் கொட்டியது. முதல் காய்ச்சல் அது. இன்னொரு கட்சி செல்லுக்குள் போய் அப்படியே முடங்கியது. உங்கள் வீட்டில் முதல் காய்ச்சல் வந்து, போய், எல்லோரும் மறந்தும்போனார்கள். அது பாட்டுக்குக் கிடந்தது.

காய்ச்சலை நிறுத்திய மூன்று நாள் மாத்திரை குளோரோகுயினாக இருக்கும். அதற்கு இந்தத் தூங்குமூஞ்சியிடம் ஏன் வேலை இல்லை என்பது சுவாரசியமான விஷயம். ரத்தத்தில் உள்ள மலேரியாக் கிருமி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்று வாழ்கிறது. தின்ற பின் மிஞ்சும் ஹீம் என்ற கழிவு அதற்கே விஷம். அந்த விஷத்தைக் கெட்டியான படிகமாக்கி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு அது பிழைக்கிறது. குளோரோகுயின் அந்தப் படிகமாக்கும் வேலையைக் கெடுக்கிறது. தன் சாப்பாட்டின் கழிவிலேயே கிருமி செத்துப்போகிறது. கல்லீரலில் கிடப்பதோ ஹீமோகுளோபினைத் தொடவே இல்லை. சாப்பாட்டில் விஷம் வைத்தால் சாப்பிடாதவன் எப்படிச் சாவான்?

ஒட்டுண்ணியியல் படிக்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். மருந்துகளில் பெரும்பாலானவை கிருமி செய்யும் ஏதாவது ஒரு வேலையைத் தடுக்கின்றன. எந்த வேலையும் செய்யாமல் கிடப்பதை அடிக்க வேறு மருந்து தேடியாக வேண்டும். சீதபேதி உண்டாக்கும் அமீபாவிலும் இதே கதைதான். குடல் சுவரைத் துளைத்து மேயும் அமீபாவை மெட்ரோனிடசோல் நன்றாகக் கொல்லும். குடலுக்குள் தங்கி, நான்கு கரு கொண்ட கூடாக மாறி, மலத்தோடு வெளியேறி அடுத்த ஆளுக்குப் போகக் காத்திருக்கும் கூட்டத்துக்கு அது போதாது. அதற்கென்று டைலாக்ஸனைடு போன்ற இரண்டாவது மருந்து வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றதும் அந்த இரண்டாவது மருந்தை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். உங்கள் கணவர் மட்டும் விதிவிலக்கு இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

சரி, எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி விடை மாறும்.

வைவாக்ஸ் யோசித்துப் பார்த்துத் தூங்கப் போவதில்லை. ஒரே கடியில் வந்தவற்றில் சில உடனே முளைக்கின்றன, சில கிடக்கின்றன. விதைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே செடியின் விதைகளைத் தூவினாலும் எல்லாம் முதல் மழைக்கே முளைப்பதில்லை. முளைத்ததெல்லாம் அடுத்து வரும் வறட்சியில் காய்ந்தாலும் மண்ணுக்குள் ஒரு பங்கு பத்திரமாக இருக்கும். விவசாயத்தில் இதை விதை உறக்கம் என்பார்கள். வைவாக்ஸ் செய்வதும் அதுதான். குளிர் மிகுந்த நாடுகளில் கொசு ஆண்டில் சில மாதம்தான் பறக்கும். கொசு இல்லாத காலத்தில் மனித ரத்தத்தில் துள்ளிக் குதித்து அதற்கு என்ன லாபம்? அங்கே இருந்த வைவாக்ஸ் எட்டு, பத்து மாதம் தூங்கி, அடுத்த கொசுக் காலத்தையொட்டி எழுந்தது. கொரியப் போரிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தது இதனால்தான். 1952-இல் பிரைமாகுயின் என்ற மாத்திரை அனுமதி பெற்றதும், திரும்பும் கப்பலிலேயே அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆண்டு முழுக்கக் கொசு இருக்கும் நியூ கினி போன்ற வெப்பமண்டலத் தீவுகளில் உள்ள வைவாக்ஸ் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை எழுந்து வரும். பப்புவா நியூ கினியில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், வைவாக்ஸ் தொற்றுகளில் ஐந்தில் நான்கு பங்கு புதுக் கொசுக்கடியால் வந்ததல்ல, பழைய தூக்கத்திலிருந்து எழுந்தது என்று தெரிந்தது.

வெளியிலிருந்து ஒரு உலுக்கலும் சில சமயம் எழுப்பிவிடுகிறது. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா வந்து குணமானவர்களில் கணிசமானோருக்கு அடுத்த இரண்டு மாதத்துக்குள் வைவாக்ஸ் வந்ததைத் தாய்லாந்துப் பக்கம் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிருமி உண்டாக்கிய காய்ச்சல் இன்னொரு கிருமிக்கு அலாரம் அடித்ததுபோல.

ஆப்பிரிக்காவில் தூக்க நோய் உண்டாக்கும் டிரிபனோசோமா தலையை எண்ணும். ரத்தத்தில் கூட்டம் பெருகப் பெருக அவை வெளியிடும் சிறு புரதத் துணுக்குகளும் பெருகும். அந்தச் செறிவு ஓர் அளவைத் தாண்டினால், மெலிந்து நீண்டிருந்த கிருமிகள் பெருகுவதை நிறுத்திக் குட்டையாகி, செட்சி ஈயின் வயிற்றுக்குப் போகத் தயாராகக் காத்திருக்கும். எல்லோரும் பெருகிக்கொண்டே போனால் குடியிருக்கும் ஆளே செத்துவிடுவான். ஈக்குப் போக வழி இருக்காது. (நோயின் பெயரில் உள்ள தூக்கம் மனிதனுடையது, கிருமி அப்போதும் விழித்தேதான் இருக்கிறது.)

கொக்கிப்புழுவில் ஒரு வகை மழைக்காகக் காத்திருக்கும். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு வானம் எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். ஆனாலும் மேற்கு வங்கத்தில் ஆராய்ந்து 1973-இல் வெளியிட்டவர்கள் கண்டது அதைத்தான். வெளியே முட்டை பிழைக்காத வறண்ட மாதங்களில் உள்ளே வந்த இளம்புழுக்கள் வளராமல் அப்படியே நின்றன. பருவமழையை ஒட்டி வளர்ச்சியைத் தொடர்ந்து முட்டையிட ஆரம்பித்தன. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் இது புதிதல்ல. கால்நடையின் இரைப்பையில் அடங்கிக் கிடக்கும் புழுக்கள் பருவம் மாறும்போதோ தாய் ஈனும் சமயத்திலோ மொத்தமாகக் கிளம்பும்.

நாயின் உருண்டைப்புழு இன்னும் துல்லியம். பெண் நாயின் தசைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையாகி நாற்பது நாள் கடந்ததும் எழுந்து, நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுக்குள் இருக்கும் குட்டிகளுக்குப் போய்விடும். பிறந்து சில வாரமே ஆன குட்டியின் வயிறு உப்பியிருப்பது இதனால்தான். கர்ப்பிணியான உங்களுக்கு இதை எழுதலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். மறைத்தால் நீங்களே எங்காவது படித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்: அது நாய்க்கும் அந்தப் புழுவுக்கும் இடையே உள்ள ஏற்பாடு. உங்களுக்கும் டாக்ஸோபிளாஸ்மாவுக்கும் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

இனி உங்கள் விஷயம்.

டாக்ஸோபிளாஸ்மா உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உடம்பில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது எப்போது நுழைந்தது என்றே தெரியாது. இரண்டு நாள் சோர்வு, கழுத்தில் நெறிகட்டு, அதோடு சரி. நுழைந்ததும் வேகமாகப் பெருகும் வடிவம் ஒன்று. ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். உடம்பின் காவல் விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைகளை அனுப்பி நெருக்கத் தொடங்கியதும், மூளை, தசை, கண் போன்ற இடங்களில் உள்ளவை மெதுவான வடிவத்துக்கு மாறி, செல்லுக்குள்ளேயே தங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும். வேகமானதற்கு டாக்கிசோயிட் என்றும் மெதுவானதற்கு பிராடிசோயிட் என்றும் பெயர். கிரேக்கத்தில் டாக்கிஸ் வேகம், பிராடிஸ் மெதுவு.

எலியின் மூளைச் சீவலில் அந்தக் கூட்டை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வியந்தது அதன் அமைதியைப் பார்த்துத்தான். காகிதம் போன்ற மெல்லிய சுவர். உள்ளே பிறை வடிவத்தில் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்ததுபோல் கிருமிகள். மாவுச்சத்து போன்ற ஒன்றைத் தானியமாகச் சேமித்து வைத்திருப்பதால் சாயத்தில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். சுற்றிலும் வீக்கம் இல்லை, வெள்ளணுக்களின் கூட்டம் இல்லை, ஒரு காவலாளிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுவரைச் சாயமேற்றிக் காட்டுவதற்கு ஆய்வகங்களில் பயன்படுத்தும் புரதம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? கொள்ளு விதையிலிருந்து. சுவரில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை அது கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும்.

வேகத்திலிருந்து மெதுவுக்கு மாறும் அந்தத் திருப்பத்தின் சாவி எது என்பது 2020-இல்தான் பிடிபட்டது. பிஎஃப்டி1 என்ற ஒரே ஒரு புரதம். அதை நீக்கிவிட்டால் கிருமியை எவ்வளவு நெருக்கினாலும் கூடு கட்டத் தெரியாது. அதை வேண்டுமென்றே முடுக்கிவிட்டால் எந்த நெருக்கடியும் இல்லாமலே கூடு கட்டப் போய்விடும். இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அந்தப் புரதத்தைத் தயாரிப்பதற்கான ஆர்.என்.ஏ. நகல், வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் கிருமியிடம் முன்கூட்டியே இருக்கிறது. புரதமாக மட்டும் மாறுவதில்லை. அலுவலகத்தில் உத்தரவைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் இருப்பது மாதிரி. நெருக்கடி வந்ததும் கையெழுத்து விழும், அந்தக் கணமே உத்தரவு அமலாகும். புதிதாக எழுத நேரம் செலவாவதில்லை.

கூட்டுக்குள் போனது ஒரேயடியாகச் சிலையாகிவிடுவதும் இல்லை. கூட்டுக்குள்ளும் அவை நிதானமாகப் பிரிகின்றன என்று 2015-இல் காட்டினார்கள். ஆகவே தூக்கம் என்பதைவிடக் கோழித்தூக்கம் என்பதே பொருத்தம். அவ்வப்போது ஒரு கூடு உடையவும் செய்யும். வெளியே வந்தவை வேக வடிவத்துக்கு மாறப் பார்க்கும். அங்கேதான் உங்கள் காவல் நிற்கிறது. வந்ததை வந்த இடத்திலேயே முடித்துவிடும். உங்களுக்குத் தெரியாமலேயே இது நடந்து முடிந்துவிடும்.

உங்கள் கணவருடையதற்கும் உங்களுடையதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வைவாக்ஸ் எழுவதற்கு உங்கள் கணவரின் எதிர்ப்பு சக்தி குறைய வேண்டிய அவசியமே இல்லை. நல்ல திடகாத்திரமான சிப்பாய்களுக்குத்தான் அது கும்பல் கும்பலாகத் திரும்பியது. அது தன் கணக்கில் எழுகிறது. ஆகவே சத்து டானிக், எதிர்ப்பு சக்தி பொடி எதற்கும் இதில் வேலை இல்லை. யாராவது விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். டாக்ஸோபிளாஸ்மாவோ காவல் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். காவல் சரிந்தால்தான் எழும். எச்.ஐ.வி. தொற்றில் சிடி4 என்ற காவல் வெள்ளணுக்களின் எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கியவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அது மூளையில் கட்டியாக எழும். அதனால்தான் அவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகவே மாத்திரை கொடுக்கிறார்கள்.

கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி குறையும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஓரளவு திசை மாறும். இந்தக் கூட்டைத் திறந்துவிடும் அளவுக்குச் சரியாது. கருவுக்கு ஆபத்து, தாய்க்கு அந்தக் கிருமி கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றும்போதுதான். அப்போது காவல் இன்னும் கிருமியை அறிந்திருக்காது. வேக வடிவம் ரத்தத்தில் சுற்றும். நஞ்சுக்கொடியைக் கடக்க அதற்கு அவகாசம் கிடைக்கும். உங்கள் ரிப்போர்ட் அதற்கு நேர்மாறானது. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஜி என்பது பழைய அறிமுகத்தின் அடையாளம். ஐஜிஎம் புதிய தொற்றில் முதலில் எழுவது. பத்தாவது வாரத்தில் ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லை என்றால், நீங்கள் கருவுறுவதற்கு முன்பே அது வந்து, அடங்கியும் விட்டது. இன்னும் சொன்னால், ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்திருந்தால்தான் "இனிமேல் புதிதாகத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக் கழிவைத் தொடாதீர்கள், தோட்டத்து மண்ணில் கை வைத்தால் நன்றாகக் கழுவுங்கள்" என்று உங்களுக்கு நீளமாக எழுதியிருப்பேன். இந்தப் பரிசோதனையை விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொடுத்து, பாசிட்டிவ் என்ற சொல்லைக் கட்டம் கட்டி அனுப்பும் வழக்கத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு. எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள்!

உங்களுக்குச் சிகிச்சை வேண்டாம். கூட்டுக்குள் இருப்பதைத் துடைத்தெடுக்கும் மருந்து இப்போது கையில் இல்லை; இருக்கும் மருந்துகள் வேக வடிவத்தைத்தான் அடிக்கும். உங்களிடம் வேக வடிவம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கண்ணில் உள்ள கூடு நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களிடமும் எப்போதாவது எழுவதுண்டு. பார்வையில் மங்கல், திடீரென்று நிறையப் புள்ளிகள் மிதப்பது, வெளிச்சத்தில் கண் வலி என்று வந்தால் கண் மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

மறுபடி அந்த எட்டு மாத்திரைக்கு வருகிறேன். அவை பிரைமாகுயினாக இருக்கும். அவற்றை எடுத்துப் போட வேண்டாம். இந்த மருந்தில் மொத்தமாக எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 0.25 மி.கி. வீதம் பதினான்கு நாள், அல்லது 0.5 மி.கி. வீதம் ஏழு நாள். இரண்டிலும் கூட்டினால் கிலோவுக்கு 3.5 மி.கி. வரும். ஆறு நாள் போட்டு நிறுத்தியதில் அதில் பாதிகூடப் போகவில்லை. எட்டு மாதம் கழித்து மீதியைப் போட்டால் பழைய கணக்கோடு சேராது. முழுக் கோர்ஸையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ச்சலுக்கான மாத்திரையோடு சேர்த்தே டாக்டர் எழுதிக்கொடுப்பார்.

தொடங்கும் முன் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். பிரைமாகுயின் கல்லீரலில் மாற்றமடைந்து உண்டாக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் தூங்கும் கிருமியைக் கொல்கிறது. அதே அழுத்தத்தைச் சிவப்பணுவும் தாங்கியாக வேண்டும். தாங்க வைப்பது ஜி6பிடி என்ற நொதி. அது குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணு உடையத் தொடங்கிவிடும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்பதால் ஆண்களிடம் இந்தக் குறை அதிகம் வெளிப்படும். முதல் முறை ஆறு நாள் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். மாத்திரை போடும் நாட்களில் சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று ஏதாவது தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றைப் பிரட்டுவது அந்த வகை அல்ல. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பின் போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஒரே வேளையில் முடியும் டாஃபெனோகுயின் என்ற மாத்திரை 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது கிடைக்கும் இடங்களில் பதினான்கு நாள் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு ஜி6பிடி அளவை எண்ணாகவே அளந்து பார்த்தாக வேண்டும்; ஒருமுறை விழுங்கிய பிறகு பாதியில் நிறுத்த முடியாதல்லவா?

கோர்ஸ் முடிந்ததும் "கல்லீரல் சுத்தமாகிவிட்டதா என்று ஒரு டெஸ்ட் எடுக்கலாமா" என்று அவர் கேட்பார். தூங்கும் கிருமியை நேராகக் காட்டும் வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தத்தைப் பார்த்தால் ரத்தத்தில் இருப்பதுதான் தெரியும். மாத்திரை எல்லாம் போட்டு முடித்தாரா என்பதே நமக்குள்ள சாட்சி. அடுத்த ஓராண்டில் காய்ச்சல் வந்தால், சாதாரண ஜலதோஷம் என்று தோன்றினாலும், ரத்தத் தடவலில் மலேரியா பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மலேரியா அவரிடமிருந்து நேராக உங்களுக்குத் தொற்றாது. ஆனால் வைவாக்ஸ் எழுந்த உடனேயே கொசுவுக்குப் போகக்கூடிய வடிவமும் ரத்தத்தில் வந்துவிடும், சில சமயம் காய்ச்சல் தெரியும் முன்பே. அவரைக் கடித்த அனாபிலிஸ் கொசு இரண்டொரு வாரத்தில் உங்களைக் கடிக்கலாம். ஆகவே இப்போது வலைக்குள் படுக்க வேண்டியது அவர் மட்டுமல்ல, நீங்களும்தான். கர்ப்ப காலத்தில் பிரைமாகுயின் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு ஜி6பிடி சரியாக இருந்தாலும் வயிற்றில் உள்ள குழந்தைக்கு எப்படி என்று தெரியாது. உங்களுக்கு வைவாக்ஸ் வந்தால் ரத்தத்தில் உள்ளதை குளோரோகுயினால் அடக்கி வைத்துக்கொண்டு, பிரசவம் முடியும்வரை கல்லீரலில் உள்ளதைத் தூங்கவிட்டுத்தான் ஆக வேண்டும். அந்த நிலை வராமல் வலையே தடுத்துவிடும்.

டாக்ஸோபிளாஸ்மா ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் உங்கள் கோப்பில் வைத்திருங்கள். இந்தப் பிரசவத்திலும் அடுத்த பிரசவத்திலும் யாராவது அதே பரிசோதனையை மறுபடி எழுதிக்கொடுத்தால் அதைக் காட்டுங்கள். திரும்ப எடுக்கத் தேவை இருக்காது. அலமாரியில் உள்ள எட்டு மாத்திரையை, அந்தப் பட்டையோடு, அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.